சாங்கியில் ஓர் இரவு

கோட்டையூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. நீயும் உன் மனைவி ஆச்சியும் மகள் வீட்டுக்குச் சான்பிரான்சிஸ்கோ புறப்படுகிறீர்கள் என்பதறிந்து மிக்க மகிழ்ச்சி. திருச்சியில் ஏறி, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பதினோரு மணி நேரம் காத்திருந்து அடுத்த விமானம் பிடிக்க வேண்டும் என்றும், அந்த நேரத்துக்கு ஓட்டல் அறை எடுப்பதா, விமான நிலையத்திலேயே படுத்துக்கொள்வதா என்றும் கேட்டிருக்கிறாய். அழகப்பா கல்லூரி விடுதியில் மின்விசிறி கிறீச்சிட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடும் ஆள் நீ. உனக்கு இந்தக் கவலை வந்ததில் எனக்கு வியப்பில்லை. சென்ற ஆண்டு அதே பாதையில் போய் வந்தவன் என்ற முறையில், எனக்கு நேர்ந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

முதலில் பயணச்சீட்டைப் பார். இரண்டு விமானங்களும் ஒரே சீட்டில் இருந்தால் பெட்டிகள் நேரே அமெரிக்காவுக்குப் போய்விடும். நீங்கள் குடிநுழைவுப் பக்கமே போகாமல் உள்ளேயே இருக்கலாம். தனித்தனிச் சீட்டாக இருந்தால் வெளியே போய்ப் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு விசா விவகாரம் உண்டு. இதை மாப்பிள்ளையிடம் இன்றைக்கே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்.

பேரன் பிறந்த வீட்டில் என் மனைவி தங்கிவிட்டதால், திரும்பும்போது நான் தனியாக வந்தேன். மாலை ஏழு மணிக்குச் சிங்கப்பூரில் இறங்கினேன். திருச்சி விமானம் மறுநாள் காலை ஆறு மணிக்குச் சற்று முன். மகன் தன் கிரெடிட் கார்டில் ஒரு லவுஞ்சுக்கு, அதாவது பயணிகள் ஓய்வறைக்கு, ஏற்பாடு செய்திருந்தான். உள்ளே மெத்தென்ற நாற்காலி, சூடான சூப், குளிக்க வெந்நீர் எல்லாம் இருந்தன. இல்லாதது படுக்க இடம் ஒன்றுதான். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்போதுதான் கண் செருகியது. மூன்று மணி நேரம் முடிந்துவிட்டதென்று ஒரு பெண் வந்து மிகப் பணிவாக எழுப்பினாள். பெரும்பாலான லவுஞ்சுகளில் கணக்கு அதுதானாம். ஆகவே அது குளிக்கவும் சாப்பிடவும் உகந்த இடமே தவிர, தூங்குவதற்குக் காசு கொடுத்துப் போகும் இடமன்று. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் அறைகள் உள்ளேயே இருக்கின்றன. ஆச்சிக்கு முழங்கால் வலி இருப்பதால் நீங்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒன்றை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். நான் எடுக்கவில்லை. கஞ்சத்தனம் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

மூன்றாம் முனையத்தில் சாய்வு நாற்காலிகள் போட்ட இலவச உறக்கக் கூடம் ஒன்று உண்டு. நான் போனபோது எல்லாம் நிறைந்திருந்தன. மற்ற நாற்காலிகளிலோ யாரும் நீட்டிப் படுத்துவிடக் கூடாதென்றே கைப்பிடி வைத்திருக்கிறார்கள். கடைசியில் கம்பளம் விரித்த ஒரு மூலையில், துண்டைத் தலைக்கு மடித்து வைத்து, கடவுச்சீட்டையும் பணத்தையும் பனியனுக்குள் போட்டுக்கொண்டு தரையிலேயே படுத்தேன். பக்கத்தில் நம் பக்கத்து ஆட்கள் நால்வர், கட்டட வேலை முடிந்து ஊர் திரும்புகிறவர்கள், ஏற்கெனவே குறட்டையில் இருந்தார்கள்.

அங்கே கிடந்தபோது எங்கள் அய்யாவின் நினைவு வந்தது. ரஜுலா கப்பலில் டெக் பயணியாகப் போய், அதே சிங்கப்பூரில், மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கட்டடத்தில், அடுத்தாளாக, மேலாளுக்கு உதவியாக, மூன்று வருஷக் கணக்கு முடித்துவிட்டு வந்தவர். பகலெல்லாம் எந்தத் தரையில் சம்மணமிட்டுக் கணக்கெழுதினார்களோ, இரவில் அந்தத் தரையிலேயே பாயை விரித்து, கணக்குப் பெட்டியை ஒட்டிய பெட்டியடியில் வரிசையாகப் படுப்பார்கள் என்று வீட்டுப் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வார். ஊரில் இத்தனை கட்டு வீடு கட்டியவர்கள் அங்கே ஆளுக்கு ஒரு பாய் அகலத்தில் காலம் தள்ளியிருக்கிறார்கள். எனக்கோ ஓர் இரவுக்கே இடுப்பு வலித்தது.

குளிரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே இரவு முழுவதும் ஏசி ஓடும். விடியற்காலையில் நம் உடற்சூடும் இயல்பாகவே தாழ்வதால், மூன்று மணிவாக்கில் பல் கிட்டிக்கொள்கிறது. காலுறையும் போர்வையும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். நான் இரண்டையும் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டேன்.

இனி என் மடமையைக் கேள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்திருந்ததால், மாத்திரை வேளைக்காகக் கொண்டுபோயிருந்த சிறிய அலாரக் கடிகாரத்தில் நான்கு மணிக்கு வைத்துப் படுத்தேன். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறது. என் கடிகாரமோ ஊர் நேரத்திலேயே இருந்தது. அது அடித்திருந்தால் அங்கே ஆறரை. விமானம் கிளம்பிப் போயிருக்கும். என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த போர்டிங் பாஸைப் பார்த்த அந்த நால்வரில் ஒருவர், திருப்பத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, தோளைத் தொட்டு, "அய்யா, கேட் தொறந்து ரொம்ப நேரமாச்சு, எந்திரிங்க" என்றார். அந்த முனையத்தில் பாதுகாப்புச் சோதனையை ஒவ்வொரு கேட் வாசலிலும்தான் நடத்துகிறார்கள். வேட்டியை ஒரு கையிலும் செருப்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நான் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்ற கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் பெயரைக் கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. திருச்சியில் இறங்கித் தேடினேன், கூட்டத்தில் காணோம்.

ஆகவே இறங்கியதும் முதல் வேலையாகக் கடிகாரத்தை மாற்று. அடுத்து அறிவிப்புப் பலகையில் கேட் எண்ணைக் குறித்துக்கொள். படுத்து எழுந்ததும் அதை மறுபடி பார், ஏனென்றால் இடையில் மாற்றிவிடுவதுண்டு. லவுஞ்சுக்குள் பல நேரம் அறிவிப்பே கேட்காது. உனக்கு எப்படியும் தூக்கம் வராது என்பதால், ஆச்சியைத் தூங்கவிட்டு நீ காவல் இருப்பதுதான் நடக்கப்போகிறது. அப்போது இரண்டு மணிக்கொரு முறை எழுந்து நட. அதன் பிறகு பதினைந்து மணி நேரம் போல மடக்கி வைக்கப்போகிற கால்கள் அவை.

என்னிடம் மெல்லிய கம்பளிப் போர்வை ஒன்று இருக்கிறது, கைப்பைக்குள் அடங்கும். ஓரத்தில் காப்பிக் கறை உண்டு, ஆச்சியிடம் முன்பே சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி வரும்போது கொண்டுவந்து தருகிறேன். பயணச்சீட்டை எடுத்து வைத்திரு, இருவருமாக உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்