எட்டாம் குழியின் இடது பக்கம்

முட்டம்,
ஆடி மாதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு மதினி கோத்தகிரி மேட்டில் கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்ற செய்தி இங்கே எல்லோருக்கும் நிம்மதியைத் தந்தது. பேத்தி கோல்ஃப் பழகுகிறாள் என்பதும், டிசம்பரில் மகள் வீட்டுக்குப் போகும்போது நீங்கள் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் உள்ள பெபிள் பீச் மைதானத்தில் ஒரு நாள் ஆடப்போகிறீர்கள் என்பதும் எனக்கு அதைவிட அதிக மகிழ்ச்சி. நான் முன்பு அங்கே ஆடியிருப்பதால், அங்குள்ள எட்டாம் குழியை எப்படி ஆடுவது என்று விரிவாக எழுதும்படி கேட்டிருக்கிறீர்கள். பேத்தியும் உடன் அமர்ந்து படிப்பாள் என்பதால், உங்களுக்குத் தெரிந்த செய்திகளையும் ஆங்காங்கே சேர்த்தே எழுதுகிறேன். முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து பந்து விழும் குழி வரை உள்ள முழுப் பாதையையும் கோல்ஃபில் குழி என்றே சொல்வோம் என்பதை அவளுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஊரில் ஆடிக் காற்று ஓயவில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31 வரை இருப்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. நான் மாலைகளில் கலங்கரை விளக்கத்தின் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன். திருவனந்தபுரம் கோல்ஃப் கிளப்புக்கு மாதம் ஒருமுறையாவது போய் ஒன்பது குழியும் ஆடிவிட்டுத் திரும்புகிறேன். என் செய்தி அவ்வளவுதான். இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

பெபிள் பீச் மைதானம் 1919இல் திறக்கப்பட்டது. ஜாக் நெவில், டக்ளஸ் கிராண்ட் ஆகிய இருவரும் அதை எட்டு என்ற எண்ணைப் போல வளைத்து அமைத்ததால், இயன்றவரை அதிகமான குழிகள் கடலை ஒட்டி அமைந்திருக்கின்றன. எல்லோரும் படம் எடுக்கும் குழி ஏழாவது. சுமார் 107 கெஜமே உள்ள அந்தக் குழி அழகானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது நம்மிடம் கேட்பது ஒரே ஒரு அடியைத்தான். அதை முடித்துவிட்டுச் சில அடிகள் நடந்து எட்டாம் குழியின் டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், நிற்கும்போது எதிரே ஒரு மேடு மட்டும் தெரியும். குழியும் தெரியாது, அதைச் சுற்றிய குட்டைப் புல்தரையான கிரீனும் தெரியாது. மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டும் கேடி ஒரு திசையைக் காட்டுவார். அந்தத் திசையில் மேட்டின்மேல் அடித்துவிட்டு, பந்து எங்கே நின்றது என்று தெரியாமலே ஏறி நடக்க வேண்டும்.

உச்சிக்குப் போனதும் தரை முடிந்துவிடுகிறது. கடல் உள்ளே புகுந்து அரித்த ஒரு பெரும் பிளவு ஃபேர்வே என்ற புல்வெளிப் பாதையை வெட்டிக்கொண்டு கிடக்க, வலப்புறம் கார்மல் விரிகுடா முழுவதும் விரிந்திருக்கிறது. அதன் மறுகரையில் பாயிண்ட் லோபோஸ் முனை தெரிகிறது. கீழே பாறைகளில் அலை அடித்து நுரைக்கிறது. பிளவுக்கு அப்பால், மணற்குழிகளான பங்கர்கள் சூழ்ந்த சிறிய கிரீன் தெரிகிறது. பின் டீயிலிருந்து கணக்கிட்டால் முழுக் குழியும் 428 கெஜம், பார் நான்கு, அதாவது நன்றாக ஆடுபவர் நான்கு அடியில் முடிக்க வேண்டியது. மேட்டின் விளிம்பு வரை நன்றாக அடித்தவருக்கும் கிரீனுக்கு இன்னும் ஏறத்தாழ 180 கெஜம் மிச்சம் இருக்கும். அந்தத் தூரத்தைப் பந்து வெட்டவெளியின் மேல்தான் கடக்க வேண்டும். அங்கே 1961இல் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தையும் 1972இல் யு.எஸ். ஓப்பன் பட்டத்தையும் வென்ற ஜாக் நிக்லாஸ், கோல்ஃபிலேயே தமக்கு மிகப் பிடித்த இரண்டாவது அடி என்று இதைத்தான் சொன்னார். நூற்றுக்கணக்கான மைதானங்களைப் பார்த்த ஒருவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் என்ன என்பதை அந்த விளிம்பில் நின்றபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

முதல் காரணம், அங்கே கண் நம்மை ஏமாற்றுகிறது. சமதரையில் நாம் தூரத்தை அளப்பது இடையில் கிடக்கும் புல்லையும் மரத்தையும் மேடுபள்ளத்தையும் வைத்துத்தான். இங்கே இடையில் எதுவும் இல்லாததால் கிரீன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆகவே கண்ணை நம்பாமல் கேடி சொல்லும் கெஜக் கணக்கை மட்டும் நம்புங்கள்.

இரண்டாவது காரணம் காற்று. இதைப் பற்றி நான் சற்று நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். முட்டத்துப் பாறைமேல் வளர்ந்தவன் என்பதால் இதில் எனக்குத் தனி அக்கறை உண்டு. கடலிலிருந்து வரும் காற்று செங்குத்தான பாறையில் மோதியதும் மேல்நோக்கி எழும்புகிறது. விளிம்பைத் தாண்டும்போது தரையை விட்டுப் பிரிந்து மேலே வேகமாக ஓடுகிறது. விளிம்புக்குச் சற்று உள்ளே, தரையை ஒட்டிய இடத்தில் காற்று தளர்ந்து சுழல்கிறது. அதனால் அங்கே நிற்கும் மனிதரின் முகத்தில் படும் காற்று ஒன்று, அவர் தலைக்கு மேலே பந்து சந்திக்கப்போகும் காற்று வேறொன்று. புல்லைக் கிள்ளி மேலே போட்டுப் பார்க்கும் பழக்கம் இந்த இடத்தில் பொய்யான விடையையே தரும். இங்கே கலங்கரை விளக்கத்தின் அருகே நான் பலமுறை பார்த்திருக்கிறேன்: என் சட்டை கூட அசையாத நேரத்தில், மேலே பருந்து ஒன்று சிறகடிக்காமல் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். வள்ளம் இறக்கப் போகும் நம் ஊர்க்காரர்கள் காற்றைக் கன்னத்தில் அறிவதில்லை. நீரின் நிறத்தையும் அலையின் தலை உடையும் பக்கத்தையும் பார்த்துத்தான் அறிகிறார்கள். பெபிள் பீச்சில் நான் அதையே செய்தேன். விரிகுடாவின் நீர்மேல் சுருக்கங்கள் கிரீனின் பக்கத்திலிருந்து நம்மை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தன. அதைக் கேடியிடம் காட்டியபோது அவரும் அதை வைத்தே மட்டை சொல்வதாகச் சொன்னார்.

உங்களுக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீங்கள் இத்தனை ஆண்டுகளாக ஆடுவது உதகையில். அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், பந்தைப் பிடித்து நிறுத்தும் தடையும் குறைவு. அங்கே 150 கெஜம் போகும் உங்கள் ஐந்தாம் எண் இரும்பு மட்டை (ஐயன்), பெபிள் பீச்சின் குளிர்ந்த, கனமான கடற்காற்றில் 140 கெஜத்தைத் தொட்டாலே பெரிது. நாம் மூணாறு எஸ்டேட்டில் வேலை பார்த்த நாட்களில் ஹை ரேஞ்ச் கிளப்பில் ஆடிவிட்டு, விடுமுறைக்குத் திருவனந்தபுரம் இறங்கி ஆடும்போதெல்லாம் பந்து குறைவாகவே விழுந்தது நினைவிருக்கும். எட்டாம் குழியில் குறைவாக விழும் பந்துக்குப் போக்கிடம் கடல்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்பியதைச் சொல்கிறேன். பிளவு வலப்புறத்தில்தான் இருக்கிறது. இடப்புறமாகத் தரை வளைந்து கிரீன் வரை தொடர்கிறது. கடலைக் கடக்க முடியாதவர் அந்த வழியே சுற்றிப் போகலாம். மேட்டின் உச்சியில் என் பந்துக்கும் கிரீனுக்கும் இடையே இருந்த தூரம் என் கைக்கு எட்டாதது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. உடன் ஆடிய மருமகன், இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு பந்தையாவது குறுக்கே அடிக்காமல் போவதா என்று அன்போடுதான் கேட்டார். நான் இடப்பக்கம் அடித்தேன். மூன்றாவது அடியில் கிரீனை எட்டினேன். அங்கே பந்தை உருட்டி அடிக்கும் பட் என்ற அடி இரண்டில் முடித்தேன். அவர் குறுக்கே அடித்த பந்து பிளவைக் கடந்து முன் பங்கரில் விழுந்தது. அவரும் ஐந்தில்தான் முடித்தார். அவருடைய அடி பறந்துபோன அழகை நான் இன்னும் வியக்கிறேன். ஆனால் என் வழியை நான் ஒரு குறைவாகக் கருதவில்லை. வரும் ஒவ்வொருவரிடமும் அந்தக் குழி அவரவர் வலிமையைக் கேட்டறிந்து, அதற்கேற்ற ஒரு வழியை வைத்திருக்கிறது. எட்டாம் குழியை நான் ஏழாம் குழிக்கு மேலாக வைப்பது இதற்காகத்தான்.

வலுவற்ற ஆட்டக்காரருக்கும் மகிழ்ச்சியான ஒரு பாதை இருக்க வேண்டும் என்பது மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்சி வலியுறுத்திய கொள்கை; 1920களில் இந்த எட்டாம் குழியின் கிரீனைத் திருத்தி அமைத்தவர்களில் அவரும் ஒருவர். அங்கிருந்து சிறிது தொலைவில், 1928இல் அவர் அமைத்த சைப்ரஸ் பாயிண்ட் என்ற மைதானம் இருக்கிறது. அது உறுப்பினர்களுக்கு மட்டும் என்பதால் நாம் உள்ளே போக முடியாது. அதன் பதினாறாம் குழி 230 கெஜ அளவில் கடலைத் தாண்ட வேண்டிய பார் மூன்று. அவ்வளவு தூரம் கடலைத் தாண்டி அடிக்க இயலாது என்ற பேச்சு எழுந்தபோது, மரியன் ஹாலின்ஸ் என்ற பெண்மணி அந்த இடத்திலேயே பந்தை வைத்து அடித்து, மறுகரையில் இறக்கிக் காட்டினார் என்று சொல்வார்கள். அவர் 1921ஆம் ஆண்டின் அமெரிக்க மகளிர் அமெச்சூர் சாம்பியன். அந்தக் குழியின் பெருமை அவருக்கே உரியது என்று மெக்கன்சியே எழுதிவைத்திருக்கிறார். அந்தக் குழியிலும் இடப்பக்கம் பாதுகாப்பான வழி ஒன்று விடப்பட்டிருக்கிறது. இந்தப் பெண்மணியைப் பற்றிப் பேத்திக்கு அவசியம் சொல்லுங்கள்.

மீண்டும் எட்டாம் குழிக்கு வந்தால், அதன் விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பாறையோரம் முழுவதும் சிவப்புக் குறியிட்ட தண்டனைப் பகுதி. பந்து அதற்குள் போனால் ஓர் அடியைச் சேர்த்துக்கொண்டு, அது எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகில் போகாமல் பந்தைப் போட்டு ஆடலாம். பந்து கிடக்கிற இடத்திலிருந்தே ஆடவும் விதி இடம் தருகிறது. 2022 பிப்ரவரியில் அங்கே நடந்த போட்டியில், தொழில்முறை ஆட்டக்காரர் ஜோர்டான் ஸ்பீத்தின் பந்து விளிம்பில் நின்றுவிட்டது. அவருடைய கேடி வேண்டாம் என்று மன்றாடியும், ஏறத்தாழ இருபது மீட்டர் ஆழத்துக்கு ஓர் எட்டே இருக்கும் நிலையில் நின்று அவர் அடித்தார். அடித்த கையோடு பின்னால் ஓடி வந்தார். அந்தக் குழியைப் பாரிலும் முடித்தார். தம் வாழ்நாளில் அவ்வளவு நடுங்க வைத்த அடி வேறில்லை என்ற பொருளில் அவர் பிறகு பேசினார். ஓர் அடியை மிச்சப்படுத்த அப்படிச் செய்தது சரியென்று என் மனம் ஏற்கவில்லை. அங்கே விளிம்பில், நம் கடற்கரை அடும்பங்கொடியைப் போலத் தரையோடு படரும் ஒரு செடி அடர்ந்திருப்பதால், மண் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பேத்தி உடன் வந்தால் அந்தப் பக்கம் ஓடவிடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நம் முட்டத்துப் பாறையிலும் இப்படியொரு குழி அமைந்தால் எப்படி இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். இடத்தின் அழகில் நாம் சற்றும் குறைந்தவர்கள் அல்லர். எனினும் அந்த ஆசை எனக்கு இல்லை. வலை உலர்த்தவும் வள்ளம் ஏற்றவும் இருக்கிற கரையே இங்கே சுருங்கிவருகிறது. புல்லை வளர்க்கத் தண்ணீரும் வேண்டும். பெபிள் பீச்சிலும் தண்ணீர் பெரிய சிக்கலாக இருந்ததால், 1994 முதல் சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். குடிதண்ணீருக்கே குடத்தோடு காத்திருக்கும் தெருக்கள் உள்ள நம் கடற்கரையில் அந்தப் பேச்சை இப்போது தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஓர் ஆளுக்குக் கட்டணம் 600 டாலருக்கு மேல் ஆகும், கேடிக்குத் தனி. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்குள் பொழுது அடைந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால் காலை நேரத்தையே கேளுங்கள். அங்குள்ள கிரீன்களில் போவா என்ற புல் இருக்கிறது. பொழுது ஏற ஏற அது சமமின்றி வளர்ந்து, நடமாட்டத்தால் மேடுபள்ளமாகி, சிறிய பட் அடியையும் திசை மாற்றிவிடும் என்பதும் காலையைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம். கிரீன்கள் சராசரியாக 3,500 சதுர அடி அளவே இருப்பவை. எட்டாம் குழியில் பின்புறத்திலிருந்து முன்னோக்கிச் சரிவும் இருப்பதால், குழியைக் காட்டும் கொடிக்கு மேலே பந்தை நிறுத்தாமல் கீழேயே நிறுத்தப் பாருங்கள். குளிருக்கு ஸ்வெட்டர் ஒன்று போதாது; காற்றைத் தடுக்கும் மேலாடை ஒன்றும் வேண்டும்.

என்னைவிட நீங்கள் நீளமாக அடிப்பவர். மேட்டின் உச்சியில் உங்களுக்கு 150 கெஜத்துக்குள் மிஞ்சி, நீரின்மேல் சுருக்கங்கள் உங்களுக்குப் பின்னாலிருந்து கிரீனை நோக்கி ஓடினால், தயங்காமல் குறுக்கே அடியுங்கள். வழக்கமான மட்டையைவிட இரண்டு எண் குறைந்ததை, அதாவது இன்னும் தொலைவு அடிப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இடப்பக்கத்தில் நிறைய இடம் இருக்கிறது. எதைச் செய்தாலும், எந்த மட்டையில் அடித்தீர்கள், காற்று எந்தப் பக்கம் இருந்தது, எத்தனையில் முடித்தீர்கள் என்று எனக்கு உடனே எழுதுங்கள். பொங்கலுக்கு இங்கே வரும்போது பேத்தியின் மட்டையையும் எடுத்து வாருங்கள். திருவனந்தபுரத்தில் அவளுடன் ஒன்பது குழி ஆட வேண்டும். மதினிக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்