ஈரோடு 2009-ல் பிறந்த தொகுதி இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் கொங்கு நாட்டுத் தொகுதிகளைப் பற்றி வந்த கட்டுரையில் ஈரோட்டுக்கென்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். ‘இதுவரை வென்றவர்கள்’ என்று நாலே வரி. 2009 கணேசமூர்த்தி, 2014 செல்வகுமார சின்னையன், 2019 மறுபடியும் கணேசமூர்த்தி, 2024 பிரகாஷ். அதன் அடியில் ‘புதிய தொகுதி’ என்று ஒரு குறிப்பு. நாலு பெயரும் சரிதான். ஆனால் விவரம் தெரியாத பிள்ளைகள் படித்தால், ஈரோட்டுக்காரர்கள் 2009 வரைக்கும் டெல்லிக்கு ஆளே அனுப்பாமல் இருந்தார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம், திருச்செங்கோடு என்ற பெயரில்.

1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஈரோடு என்றே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. 1957 தேர்தலுக்குள் அந்தப் பெயர் போய்விட்டது. நான் ஓட்டுப்போட ஆரம்பித்த காலத்தில், அதாவது 1977 முதல் 2004 வரை, திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு, கபிலர்மலை, மொடக்குறிச்சி, ஈரோடு என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். காவிரிக்கு அந்தக் கரையில் நாலு, எங்கள் கரையில் ரெண்டு. ரயில்வே ஜங்ஷனும் மஞ்சள் மண்டியும் ஜவுளிச் சந்தையும் இருக்கிற டவுன் இந்தப் பக்கம். தொகுதியின் பெயர் மட்டும் ஆற்றைத் தாண்டி, அர்த்தநாரீசுவரர் மலையடிவாரத்தில்.

1984 டிசம்பர் தேர்தலில் ஈரோடு கருங்கல்பாளையத்தில் ஒரு வாக்குச்சாவடியில் எனக்கு டூட்டி. வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த புதிது. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் அன்றைக்குச் சேர்த்தே வாக்குப்பதிவு, ஆளுக்கு ரெண்டு சீட்டு. ஒரு ஆத்தா சட்டமன்றச் சீட்டை வாங்கிக் குத்திவிட்டு வந்தவர், அடுத்த சீட்டை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “ஏஞ்சாமி, இது திருச்செங்கோட்டு எலெக்‌ஷனாமா? அதை ஆத்துக்கு அக்கட்டாலிருக்கிறவிய போடட்டும், எனக்கெதுக்கு?” பூத் ஏஜென்ட்டுகள் இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். எப்படியோ சொல்லி விளங்கவைத்து அனுப்பினோம். அந்த ஆத்தா கேட்டதில் தப்பே இல்லை என்று எனக்கு இன்றைக்கும் படும்.

பெயர் அக்கரையில் இருந்தாலும் அந்தத் தொகுதி லேசுப்பட்டதல்ல. 1957-லும் 1962-லும் அங்கே காங்கிரஸில் வென்றவர் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக, அதாவது இப்போதைய முதலமைச்சர் மாதிரி, இருந்தவர். பிற்பாடு மத்தியில் போக்குவரத்து மந்திரி. 1957-ல் அவர் திருச்செங்கோட்டில் ஜெயிக்க, அவர் மகள் பார்வதி கிருஷ்ணன் கோயமுத்தூரில் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளராக ஜெயித்தார். அப்பா ஆளும் கட்சி வரிசையில், மகள் எதிர்வரிசையில், ரெண்டு பேரும் ஒரே அவையில், ரெண்டுமே நம்ம கொங்குச் சீமைத் தொகுதி. இதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தால் நான் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். சுப்பராயன் 1962-ல் மகாராஷ்டிர கவர்னராகிப் போனார், அந்த வருஷமே காலமாகிவிட்டார். 1967-ல் திமுக அலையில் பேராசிரியர் க. அன்பழகன், தஞ்சைப் பக்கத்துக்காரர், இங்கே நின்று டெல்லி போனார். 1967-லிருந்து 2004 வரை எந்தப் பொதுத்தேர்தலிலும் அங்கே தேசியக் கட்சி ஜெயிக்கவில்லை.

சரி, ஈரோடு சேர்ந்திருந்த காலத்துக்கு வருகிறேன். 1977-ல் ஆர். குழந்தைவேலு, 1980-ல் எம். கந்தசாமி, 1984-ல் பி. கண்ணன், 1989-ல் கே.சி. பழனிசாமி, 1991-ல் கே.எஸ். சௌந்தரம், 1996-ல் கே.பி. ராமலிங்கம், 1998-ல் எடப்பாடி கே. பழனிசாமி, 1999-ல் மு. கண்ணப்பன், 2004-ல் சுப்புலட்சுமி ஜெகதீசன். ஒன்பது தேர்தல், ஒன்பது பேர். ஒருத்தர் கூட அங்கிருந்து மறுமுறை போகவில்லை. அதிமுக ஐந்து தடவை, திமுக மூன்று, மதிமுக ஒன்று.

இதை வைத்துக்கொண்டு ‘ராசியில்லாத தொகுதி’ என்று டீக்கடையில் பேசுவோர் உண்டு. ஜனங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 84, 89, 91 மூன்றிலும் ஜெயித்தது ஒரே கட்சி, ஆனால் மூன்றிலும் ஆள் வேறு. கட்சியில் வேட்பாளரை நிறுத்துகிற இடத்திலேயே மாற்றினார்கள். அப்புறம், ஒன்பதில் நாலு மக்களவை மூன்று வருஷம்கூட ஓடவே இல்லை. 77-ல் வந்தது, 89-ல் வந்தது, 96-ல் வந்தது, 98-ல் வந்தது எல்லாம் பாதியில் கலைந்தவை. ஜெயித்தவர் வீட்டுக்கு மாலை வாடுவதற்குள் அடுத்த தேர்தல் வந்தால் யார் என்ன செய்வது?

மறுபடியும் நின்று பார்த்தவர்களில் எல்லாருக்கும் தெரிந்தவர் எடப்பாடியார். 1998-ல் அதிமுக, மதிமுக, பாமக, பாஜக எல்லாம் ஒரே அணி. எங்கள் பக்கத்து மதிமுக தோழர்கள் அவருக்காகத் தெருத்தெருவாக ரெட்டை இலைக்கு ஓட்டுக் கேட்டார்கள். அதிமுக ஆதரவை விலக்கியது, 1999 ஏப்ரலில் ஒரே ஒரு ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. அந்த வருஷமே வந்த தேர்தலில் அதே தோழர்கள் அதே தெருக்களில் அவருக்கு எதிராக ஓட்டுக் கேட்டார்கள். மதிமுக கண்ணப்பன் ஜெயித்து மத்திய இணையமைச்சரும் ஆனார். 2004-ல் மூன்றாம் முறை நின்றும் எடப்பாடியாருக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் முதலமைச்சரானவரை இரண்டு முறை திருப்பி அனுப்பிய தொகுதி அது. ஈரோடு டவுனுக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் உங்கள் பட்டியலில் அதற்கு இடமில்லை.

எங்கள் மொடக்குறிச்சியையும் சொல்லியாக வேண்டும். 1996-ல் சட்டமன்றத்துக்கு 1033 பேர் நின்றார்கள். தங்கள் கோரிக்கைகளை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று விவசாயிகள் கும்பல் கும்பலாகப் போய் மனுத்தாக்கல் செய்ததால் வந்த வினை. டெபாசிட் அப்போது 250 ரூபாய்தான். வாக்குப்பதிவைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. வாக்குச்சீட்டு புத்தகமாகவே வந்தது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர், மாரியம்மன் கோயில் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற மாதிரி விரலை எச்சிலில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்ததும் “சின்னத்தைக் கண்டுபுடிச்சிட்டனுங்க” என்று வெற்றிச் சிரிப்பு. அன்றைக்கு ஜெயித்ததும் சுப்புலட்சுமி ஜெகதீசன்தான். அந்த வருஷமே டெபாசிட் சட்டமன்றத்துக்கு 5000, மக்களவைக்கு 10,000 ஆனது. நாடு முழுக்க வேட்பாளர்கள் கூடுதலாகப் பணம் கட்டியதில் எங்கள் ஊருக்கும் பங்கு இருக்கிறது என்று சொல்லிக்கொள்வோம். பெருமையா இல்லையா என்று தெரியாது.

2008-ல் தொகுதி எல்லைகளை மாற்றி வரைகிற மறுவரையறை வந்தது. ஈரோடு மாநகராட்சியானதும் அதே வருஷம். திருச்செங்கோட்டோடு கோபி, ராசிபுரம், பழனி தொகுதிகளும் காணாமல் போயின. பழைய திருச்செங்கோட்டை மூன்றாக வகுந்தார்கள். எடப்பாடி சேலத்துக்கு. சங்ககிரியும் திருச்செங்கோடும் நாமக்கல்லுக்கு. கபிலர்மலை என்ற சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போய், அந்தப் பக்கம் பரமத்தி வேலூர் என்று நாமக்கல்லில் சேர்ந்தது. ஈரோடு கிழக்கு, மேற்கு, மொடக்குறிச்சியோடு காங்கேயமும் தாராபுரமும் வந்து சேர்ந்தன. புதிதாக உண்டான குமாரபாளையமும் ஈரோட்டில். ஆகவே கருங்கல்பாளையம் பாலத்துக்கு அக்கட்டால், குமாரபாளையத்தில் சேர்ந்திருக்கிற பள்ளிபாளையம், மாவட்டத்தில் நாமக்கல், மக்களவைக்கு ஈரோடு. ஆத்தா இருந்திருந்தால் அதற்கும் ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

என் மூத்த மச்சான் திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறார். தேர்தல் நாளில் தவறாமல் போன் செய்வார். “இத்தன வருசம் எங்கூர்ப் பேர்ல நீங்க ஓட்டுப் போட்டீங்க மாப்ள. இப்ப நாங்க நாமக்கல் பேர்ல போடறோம்” என்பார். பழைய தேர்தல் முடிவுப் பட்டியல்களில் ஈரோடு என்று தேடினால் 2009-க்கு முன்னால் 1952-க்குத்தான் போய் நிற்க வேண்டும். நடுவில் இருப்பதெல்லாம் வேறு பெயருக்குக் கீழே கிடக்கிறது. அடுத்த மறுவரையறை பற்றி இப்போதே பேச்சு கிளம்பிவிட்டது. அதிலும் எத்தனை பெயர் போகுமோ.

அந்தக் கட்டுரையைத் தேர்தல் மலரில் மறுபடியும் போடுவதாக எழுதியிருந்தீர்கள். அப்போது ஈரோட்டுப் பட்டியலில் நாலு வரிக்கு மேலே ஒன்பது வரி சேர்த்துவிடுங்கள், பக்கத்தில் ‘திருச்செங்கோடு’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டு. பெயர்களும் வருஷமும் மேலே கொடுத்திருக்கிறேன். நாமக்கல் பட்டியலிலும் அதையே போட்டால் என் மச்சானுக்கும் ஒரு பிரதி வாங்கி அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
அவல்பூந்துறை.