ரேகை தேய்ந்தால் அரிசி கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சித்தாள் வேலை பார்த்து, சிமெண்டில் விரல் தேய்ந்தவர்களின் ரேகையை எங்கள் பகுதி ரேஷன் கடைக் கருவி பெரும்பாலும் ஏற்பதில்லை. விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்க்கிறார்கள். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. "நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள். நாளைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அப்புறம் இலவச அரிசியை விட்டுவிட்டு மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டியதுதான்.

தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது, சரி. 50 வயது சித்தாள் என்ன செய்வார்? கருவிழிப் பதிவுக் கருவியை இங்கேயும் கொடுங்கள். கடைக்கு வர இயலாதவர்கள் தம் சார்பில் வேறொருவரை நியமிக்கும் படிவத்தைக் கடையிலேயே வையுங்கள். அப்படி ஒன்று இருப்பதே இங்கு பலருக்குத் தெரியாது.

- ஒரு வாசகர், சென்னை