அந்தப் பிள்ளைகள் கொஞ்சம் சேட்டை செய்யட்டும்

அன்புள்ள ராசா,

உன் மெயிலைப் பார்த்தேன். புற்றுநோய் வந்த பிள்ளைகளின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்காக நடக்கிற கோடை முகாமுக்குத் தன்னார்வலராகப் போகப்போகிறாய் என்று அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "அவனுக்கு அவ்வளவு காலையில் எழுந்திருக்க வருமா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நீயே பதில் சொல்லிக்கொள். "அந்தப் பிள்ளைகளிடம் என்னம்மா பேசுவது?" என்று நீ கேட்டிருந்தாயே, அதற்கு நான் சொல்கிறேன்.

இத்தனை வருஷம் வார்டில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகு சில கோடைகளில் இப்படி ஒரு முகாமில் நர்ஸாகவும் இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: பேச்சைப் பற்றி ரொம்ப யோசிக்காதே. அங்கே வருகிறவர்களில் பலர் வயதுக்கு மீறி நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள். நீ கவனிக்க வேண்டியது அதைத்தான்.

அந்த வீடுகள் எப்படி ஓடுகின்றன என்று உனக்குத் தெரிய வேண்டும். குழந்தைகளுக்கு வருகிற புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ரத்தப் புற்றுநோயின் ஒரு வகை, ஏ.எல்.எல். என்பார்கள். அதற்கான சிகிச்சையே இரண்டிலிருந்து மூன்று வருஷம் வரை நீளும். ஆறு வயதுத் தங்கைக்கு அது அவள் ஆயுளில் பாதி. கீமோ ஓடுகிற நாட்களில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோகும், "கவுண்ட் இறங்கிவிட்டது" என்பார்கள். அந்த நேரத்தில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், போன ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். அதனால் கதவுக்குப் பின்னால் துணிப்பை எப்போதும் தயாராக இருக்கும். நடுராத்திரியில் அம்மாவும் அண்ணனும் கிளம்பிப் போவார்கள். காலையில் யார் பள்ளிக்கு அனுப்புவார்கள், எத்தனை நாள் கழித்து அம்மா வருவாள், ஒன்றும் தெரியாது. பிறந்தநாள் தள்ளிப்போகும், ஊர்ப்பயணம் நின்றுபோகும். யார் மேலும் குற்றம் இல்லை. பெற்றவர்கள் என்ன செய்வார்கள், இருப்பது இரண்டு கைதானே.

இதையெல்லாம் பார்க்கிற பிள்ளை தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: நாம் தொந்தரவு கொடுக்கக் கூடாது. பசித்தால் சொல்லாது. பள்ளியில் யாராவது அடித்தால் சொல்லாது. தலைவலி என்று சொல்வதற்கே கூச்சம், தம்பிக்கு அவ்வளவு இருக்கும்போது நமக்கென்ன தலைவலி என்று. வருகிறவர்கள் எல்லோரும் தலையைத் தடவி, "எவ்வளவு சமர்த்து, அம்மாவுக்குக் கஷ்டமே கொடுப்பதில்லை" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். பிறகு அந்தப் பிள்ளை சமர்த்திலிருந்து எப்படி இறங்கும்?

முகாமில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். பதினோரு வயது இருக்கும். வந்த அன்றே தன் அறையில் எல்லோருடைய படுக்கை விரிப்பையும் மடித்து வைத்தாள். சாப்பிட்டு முடிந்ததும் மேசையில் இருந்த அத்தனை தட்டுகளையும் அடுக்கினாள். சின்னவர்கள் கை கழுவினார்களா என்று வரிசையில் நிறுத்திப் பார்த்தாள். புதிதாக வந்திருந்த தன்னார்வலர் ஒருவர் பூரித்துப்போய், "என் வேலையில் பாதியை இவளே முடித்துவிடுகிறாள்" என்றார். அவரோடு அந்த அறையைப் பார்த்துக்கொண்ட அனுபவசாலியான இன்னொரு தன்னார்வலர், அவருடைய ஜோடி, மட்டும் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பெண்ணின் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக்கொண்டு, "இது என் முறை, நீ போய் விளையாடு" என்றார். மறுநாளும் அதையே செய்தார். கொஞ்சம் நாள் பிடித்தது. அப்புறம் ஒரு மதியம் படகில் முன்னால் யார் உட்காருவது என்று அவளுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் பெரிய சண்டை. துடுப்பைப் பிடித்து இழுத்து, "நான்தான் முதலில் வந்தேன்!" என்று அந்தக் குளமே கேட்கக் கத்தினாள். சண்டையை விலக்கிவிட்டு வந்த அந்த ஜோடிக்காரரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதனால் ராசா, "சமர்த்து", "தைரியசாலி" என்று பாராட்டுவதைக் குறைத்துக்கொள். ஆட்டத்தில் அழுகுணி ஆடினால் ஆடட்டும். மற்ற பிள்ளைகளிடம் எப்படிக் கண்டிப்பாயோ அப்படியே இவர்களையும் கண்டி, பாவம் என்று விட்டுக்கொடுக்காதே. பாவம் பார்ப்பவர்களை அவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். வார்டு வராந்தாவில் உட்கார்ந்து பெரியவர்களின் முகத்தைப் படித்தே வளர்ந்தவர்கள் அவர்கள்.

வராந்தா என்றதும் இன்னொன்று சொல்லிவிடுகிறேன். பல வார்டுகளில் தொற்றுப் பயத்தால் சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் வெளியே பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு இருப்பார்கள். தெரியாததை மனசு தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். அண்ணன் மேல் கோபம் வந்து "நீ செத்துப் போ" என்று எப்போதோ சொன்னேனே, அதனால்தான் வந்ததோ என்று நினைக்கிற ஐந்து வயதுப் பிள்ளைகள் உண்டு. தனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து, ஒரே டம்ளரில் தண்ணீர் குடிக்கத் தயங்கும் பிள்ளைகளும் உண்டு. இது யாரும் செய்ததால் வந்ததில்லை, தொட்டால் ஒட்டுவதும் இல்லை. கேட்கிற பிள்ளைக்கு இந்த இரண்டையும் தயங்காமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். நல்ல முகாம்களில் மருத்துவமனைப் பொம்மை ஒன்றும் வைத்திருப்பார்கள். அதன் நெஞ்சில் போர்ட், அதாவது மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கிற சின்னக் கருவி, பொருத்தியிருக்கும், ஊசி எங்கே போகிறது, மருந்து எப்படி ஏறுகிறது என்று பிள்ளைகளே செய்து பார்க்கலாம். அந்த மேசையில் நீ கொஞ்சம் நேரம் உட்கார்ந்து பார், அங்கே வருகிற கேள்விகள் வேறு எங்கும் வராது.

இருமலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளை கீமோவில் இருந்தால் மற்றவர்களின் சளியும் காய்ச்சலும் ஆபத்து. சின்னம்மை, தட்டம்மை என்றால் பேராபத்து. அதனால் மூக்கு ஒழுகினாலே தம்பியைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மருத்துவப்படி சரிதான், ஆனால் அந்தப் பையனுக்கு அது எப்படி இருக்கும்? முகாமில் ஒரு பையன் ராத்திரியில் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு இருமினான். நான் போய் விளக்கைப் போட்டதும், "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அனுப்பாதீர்கள்" என்றான். வெந்நீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இருமுவதென்றால் நன்றாகவே இருமு என்று சொன்ன பிறகுதான் தலையணையை விட்டான். உன் அறையில் யாராவது இருமினால் நர்ஸிடம் சொல், அது விதி. ஆனால் சொல்லும்போது உன் முகம் சாதாரணமாக இருக்கட்டும்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்த வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களுக்குள் மஜ்ஜை முழுதாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புதான். அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி என்று பிறப்பதற்கு முன்பே விழுந்த சீட்டு அது. ஆனால் "என்னுடையது மேட்ச் ஆகவில்லை" என்று தேர்வில் தோற்ற மாதிரி தலையைக் குனிகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மஜ்ஜை கொடுத்தும் அண்ணனை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தேற்ற முடியாது. பேசினால் கேட்டுக்கொள். முகாமின் மனநல ஆலோசகரிடம் அன்றைக்கே சொல்லிவிடு.

உடன்பிறப்பை இழந்தவர்களும், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் வீட்டுப் பிள்ளைகளும் பல முகாம்களில் ஒன்றாகத்தான் இருப்பார்கள். அதனால் பெயர், வயது கேட்ட கையோடு "கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டுவிடாதே. வெளியில் அது சாதாரணக் கேள்வி. அங்கே சில பிள்ளைகள் பதில் சொல்வதற்கு முன் மனசுக்குள் ஒரு தடவை எண்ணிப் பார்ப்பார்கள். "உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேள். அவனைப் பற்றி மட்டும் கேள். "அண்ணனுக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்ற கேள்வியைத் தெரு முழுக்க அவர்களிடம் கேட்டாகிவிட்டது.

"அவள் செத்துப்போவாளா?" என்று உன்னிடமே கேட்பார்கள், அதுவும் விளக்கை அணைத்த பிறகுதான். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை என்றால் பிள்ளைகளுக்கு வாய் திறக்கும். மணி கோக்கும்போது, படகு தள்ளும்போது, இருட்டில். புள்ளிவிவரம் சொல்லாதே. சிட்னி ஃபார்பர் என்ற அமெரிக்க டாக்டர் 1948இல் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு முதன்முதலாக மருந்தால் நோய் தணிந்ததை எழுதியபோது அந்தத் தணிவு சில மாதங்களுக்கு மேல் நிற்கவில்லை. இன்று வசதியுள்ள நாடுகளில் ஏ.எல்.எல். வந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகளில் நிலைமை வேறு, அங்கே பல இடங்களில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கட்டும். ஆனால் இருட்டில் கேட்கிற பிள்ளைக்குத் தன் தங்கை ஒருத்திதான் கணக்கு. "எல்லாம் சரியாகிவிடும்" என்றும் சொல்லாதே, அது உன் கையில் இல்லை. "எனக்குத் தெரியாதுடா. இதை நினைத்துத்தான் தூங்காமல் இருக்கிறாயா?" என்று கேட்டால் போதும், மீதியை அவனே பேசுவான்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் மட்டும் செய்துவிடாதே. பிள்ளை தனக்குத் தானே தீங்கு செய்யப்போவதாகவோ யாரோ தன்னை அடிப்பதாகவோ சொன்னால் நீ பொறுப்பாளரிடம் போயாக வேண்டும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நாணயம். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதே, இன்னொரு பெரியவர் கண்ணில் படுகிற இடத்தில் இரு. படம் எடுத்துப் போடாதே. பயிற்சியில் இவற்றை உன் காதில் புண் வரும்வரை சொல்வார்கள், சொல்லட்டும்.

ஊர் ஏக்கம் என்று ஒன்று வரும். மற்ற முகாம்களில் அது அம்மா மடி தேடுகிற அழுகை. இங்கே பாதிப் பேருக்கு, நான் இல்லாத நேரத்தில் ஏதாவது நடந்துவிட்டால் என்ற பயம். அப்படி ஏதாவது நடந்தால் உன்னிடம் மறைக்கமாட்டோம், வீட்டிலிருந்து ஃபோன் வந்தால் உடனே சொல்வோம் என்பதுதான் அதற்கு மருந்து. முகாம் அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறதா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்.

அமெரிக்காவில் ஒகிசு என்ற முகாம் கூடப்பிறந்தவர்களுக்கென்றே தனி வாரங்கள் நடத்துகிறது. நடிகர் பால் நியூமன் 1988இல் கனெக்டிகட்டில் தொடங்கிய முகாமிலும் இவர்களுக்குத் தனி அமர்வு உண்டு. மருத்துவ உலகம்தான் மெதுவாக வந்தது. குழந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் குடும்பத்துக்கு மனநலத் துணை எப்படி இருக்க வேண்டும் என்று 2015இல் நிபுணர்கள் 15 நெறிகளை வெளியிட்டார்கள், அதில் ஒன்று உடன்பிறந்தவர்களுக்கானது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவர்களுக்கென்று பெஞ்சு ஒன்றுதான் இருந்தது.

சரி, நீண்டுவிட்டது. இரண்டு ஜோடி செருப்பாவது எடுத்துப் போ, ஒன்று எப்போதும் ஈரமாகவே இருக்கும். டார்ச் வேண்டும். மற்ற தன்னார்வலர்களுக்கு ஓய்வு நேரம் வரும்போது உனக்கும் வரும், அப்போது அரட்டை அடிக்காமல் தூங்கு. முகாம் முடிந்த அன்றே எனக்கு ஃபோன் செய்ய வேண்டாம், குரலும் இருக்காது. ஒரு நாள் தூங்கி எழுந்து கூப்பிடு.

தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். தட்டம்மை ஊசி போட்ட அட்டையை அப்பா ஸ்கேன் செய்து அனுப்புகிறார். சின்னம்மை உனக்குச் சின்ன வயதில் வந்துவிட்டதால் அதற்கு ஊசி போடவில்லை, அட்டையில் இருக்காது. டாக்டரிடம் போய், ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொள். ரிசல்ட் வரச் சில நாள் ஆகும், இந்த வாரமே போ.

அன்புடன்,
அம்மா