மண் நிறம் மட்டும் போதுமா?

நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாந்தா ஃபே நகரில் பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் ஊரில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழன் நான். வீடு பழைய அடோபி வீடு. சுடாத பச்சைக்கல்லை அடுக்கி மண் சாந்து வைத்துக் கட்டியது. எப்போதோ யாரோ வெளியே சிமென்ட் பூசிவிட்டார்கள். போன வசந்தத்தில் பனி உருகும் சமயம் சுவரின் அடியில் ஒரு விரிசல். கொத்தனார் பூச்சைத் தட்டி எடுத்தார். உள்ளே கல் இல்லை, சேறு. கையோடு வந்தது.

ரான்ச்சோஸ் டி டாவோஸ் ஊரின் அடோபி தேவாலயத்துக்கும் இதேதான் நடந்தது. 1967இல் சிமென்ட் பூசினார்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் ஊறியது. 1979இல் அதை உரித்துவிட்டு மண்பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் வருடந்தோறும் ஊர்க்காரர்கள் கூடி மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசுகிறார்கள். ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்தாரே, அந்தப் பின்சுவர் இப்படித்தான் நிற்கிறது.

ஓவியர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் மண்வீட்டுக்கு மறுபடி மவுசு வந்ததில் ஓவியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓவியர் கார்லோஸ் வியெரா ஸ்பானியப் பாதிரிமார் காலத்துப் பழைய தேவாலயங்களைப் படமெடுத்தார், வரைந்தார், தன் வீட்டையும் அதே பாணியில் கட்டிக்கொண்டார். 1921இல் சேர்ந்த ஐந்து இளம் ஓவியர்கள் கமீனோ டெல் மான்டே சோல் தெருவில் தாங்களே மண் குழைத்து வீடு எழுப்பினார்கள். 'மண் குடிசையில் ஐந்து கிறுக்கர்கள்' என்று ஊர் சிரித்தது. ஓ'கீஃப் 1945இல் அபிக்கியூ கிராமத்தில் வாங்கியது வீடே அல்ல, இடிபாடு. தோழி மரியா சாபோ மேற்பார்வையில் அதை எழுப்ப நான்கு வருடம் ஆனது. உட்சுவர்களை உள்ளூர்ப் பெண்கள் கையாலேயே தேய்த்து வழவழப்பாக்கினார்கள். எங்கள் ஊரில் பொங்கலுக்கு முன் அப்பத்தா சுவர் மெழுகியதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அங்கேயும் அது பெண்கள் வேலைதான்.

அப்புறம் 1957இல், பழைய பகுதியில் கட்டடங்கள் ஊர்ப் பாணியிலேயே இருக்க வேண்டும் என்ற உங்கள் சட்டம் வந்தது. நல்ல சட்டம், மறுக்கவில்லை. இல்லாவிட்டால் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்திருக்கும். ஆனால் அது சுவரின் நிறத்தையும் மூலையின் வளைவையும்தான் பார்க்கிறது. மரச்சட்டம் நட்டு, கம்பிவலை அடித்து, மேலே பழுப்பு சிமென்ட் பூசினாலும் அதுவும் 'சாந்தா ஃபே பாணி' ஆகிவிடுகிறது. பகல் சூட்டை உள்வாங்கி இரவில் மெல்ல விடுவது மண்ணின் கனம்; பழுப்பு வண்ணத்துக்கு அந்த வேலை தெரியாது.

எனவே கேட்கிறேன். அனுமதி விண்ணப்பத்தில் சுவர் எதனால் ஆனது என்று ஒரு வரி சேருங்கள். பழைய அடோபிக்கு மேல் புதிதாக சிமென்ட் பூச வருபவரிடம் முதலில் ஈரத்தைப் பற்றிப் பேசுங்கள். சிமென்டை உரித்து மண்ணுக்கோ சுண்ணாம்புக்கோ திரும்புகிறவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள். மண்பூச்சு அடிக்கடி கரையும், செலவு வைக்கும் என்பது தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: என்ஹர்ரடோராக்கள் எனப்படும் பூச்சுக்காரப் பெண்களிடம் இளையவர்கள் கூலியோடு தொழில் பழக ஏதாவது தொகை ஒதுக்குங்கள்.

என் வீட்டுச் சுவரில் பாதி இன்னும் திறந்தே கிடக்கிறது. வீட்டுக்காரரும் மண்ணுக்குச் சம்மதித்துவிட்டார். மழைக்காலம் ஜூலையில் தொடங்கிவிடும்; அதற்குள் ஒருவர் வந்து பார்த்தால் நல்லது.

இப்படிக்கு,
மண்வீட்டில் குடியிருக்கும் ஒருவன்