செல்வி, முடிவெடுக்கும் முன்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. இரண்டு தடவை பதில் எழுத உட்கார்ந்து, "அவசரப்படாதே" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். அது உனக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லாரும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் குறையவில்லை, மகன் தேசிய சேவைக்குப் போய்விட்டதால் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மேலாளர் பதவிக்கு விண்ணப்பிப்பதா, இல்லை நூலகத்தையே விட்டுவிட்டு வங்கியில் ஆவண நிர்வாக வேலைக்குப் போவதா என்று கேட்டிருந்தாய். இரண்டுமே நல்ல வேலைதான். ஆனால் கடிதம் முழுக்க எந்தப் பதவி, எவ்வளவு சம்பளம் என்றுதான் இருக்கிறது. இத்தனை வருடத்தில் உனக்கு என்ன கைவந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லையே, அதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் நூலகப் பிரிவை இன்னொன்றோடு சேர்த்தபோது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். புதிதாக வந்த தலைவர், "நீங்கள் செய்கிறவற்றில் எது நின்றுபோனால் இங்கே ஆளுக்குத் தெரியும்?" என்று கேட்டார். பட்டியலாக்கம், அதாவது ஒவ்வொரு புத்தகத்தையும் தேடினால் கிடைக்கும்படி பதிவு செய்வது என்று சொன்னேன். அதை வெளியே கொடுத்துவிடலாமே என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நம் சிங்கப்பூரில் அடையாள அட்டையில் அப்பா பெயர் கடைசியில் வருகிறது, கணினி அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு எழுத்தாளரை அப்பா பெயரில் போட்டுவிடுகிறது. இளங்கோ என்பவரை ஆங்கிலத்தில் ஒரு புத்தகத்தில் 'I' போட்டும் இன்னொன்றில் 'E' போட்டும் எழுதியிருப்பார்கள், ஒரே ஆள் மூன்று ஆளாகச் சிதறிவிடுவார். தேடுகிறவருக்குப் பாதிப் புத்தகம் கண்ணிலேயே படாது. நான் வருடக்கணக்காகச் செய்துவந்தது அந்த மூன்று பேரை ஒருவராக்குகிற வேலை. அதைச் சொல்லத் தெரியாமல் நின்றேனே என்று அன்று ராத்திரி அழுகை வந்துவிட்டது.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கால் மணி நேரம் ஒதுக்கி, அந்த வாரம் யார் என்ன கேட்டார்கள், எப்படிக் கண்டுபிடித்தேன், எது தெரியாமல் திணறினேன் என்று ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். ஆறு மாதம் எழுதியதும் படம் தெளிந்துவிட்டது. தமிழ்ப் பெயர்களும் பழைய இதழ்களும் வந்தால் என்னிடம் அனுப்புகிறார்கள், தரவை மொத்தமாகத் திருத்தும் கருவிகளில் மட்டும் நான் பின்தங்கியிருக்கிறேன். எந்த வகுப்பில் சேர்வது என்பதை அந்த நோட்டுதான் சொன்னது. பணம் பற்றிக் கேட்டாயே, 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சித் திட்டத்தில் 4,000 வெள்ளி போட்டார்கள் அல்லவா, அதற்குக் காலக்கெடு கிடையாது. ஆனால் அது குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டும்தான் செல்லும், அதனால் பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடு.

தமிழ் தெரிந்த நூலகருக்கு இங்கே வேலை குறைகிறது என்று எழுதியிருந்தாய். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2015இல் ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்மயமாக்கியபோது எத்தனை பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது என்று உனக்கே தெரியும். 2019இலிருந்து தேசிய நூலகம் '.sg' என்று முடியும் சிங்கப்பூர் இணையத்தளங்களை ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்காமலே சேமித்துவைக்கலாம். அதில் தமிழில் இருப்பது எது, எதற்கு எப்படித் தலைப்புக் கொடுப்பது என்று பார்க்க மொழி தெரிந்த ஆள் வேண்டாமா?

பூன் லேயிலிருந்து 179 பேருந்தில் நன்யாங் பல்கலைக்கழக வகுப்புக்குப் போகும்போது, இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லும் ரங்கநாதன் கதையை நீதான் எனக்குச் சொன்னாய். 1924இல் கணிதம் கற்பிப்பதை விட்டுச் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், போன சில நாளிலேயே சலித்துப்போய்ப் பழைய வேலைக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டார், லண்டனில் படித்துவிட்டு வந்து அப்புறம் முடிவு செய் என்றார்கள். அங்கே நூலகங்கள் நடக்கும் விதத்தைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. திரும்பி வந்து இருபது வருடம் அங்கேயே இருந்தார். இந்த வாரம் அதை அடிக்கடி நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் நீயும் சலித்துப்போன நேரத்தில்தான் முடிவெடுக்கப் பார்க்கிறாய்.

வங்கி வேலையைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆவணத்தை எத்தனை வருடம் வைத்திருப்பது, யார் பார்க்கலாம், எப்படி வகைப்படுத்துவது என்பதெல்லாம் நாம் படித்ததுதான், நீ நன்றாகவே செய்வாய். மேலாளர் பதவி பற்றித்தான் எனக்குப் பயம். ஆள் நிர்வாகம், பட்ஜெட், கூட்டம் என்றே நாள் போய்விடும். வாசகர் எதிரில் உட்கார்ந்து அவர் உண்மையில் என்ன தேடுகிறார் என்று கண்டுபிடிக்கும்போது உன் முகத்தில் வரும் மலர்ச்சியை நான் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பத்துக்கு மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறதே. அதுவரை வெள்ளிக்கிழமைகளில் நீயும் எழுதிப் பார். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்காவுக்கு வருகிறாயா? என் நோட்டைக் கொண்டு வருகிறேன், உன் சுயவிவரத்தை எடுத்துக்கொண்டு வா, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து திருத்துவோம்.

அன்புடன்,
அமுதா