எழுத்துப் பயிற்சி வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள ஓராண்டில், மழையால் கைவிட நேர்ந்த டிசம்பர் அமர்வு நீங்கலாக, நம் வட்டம் மாதந்தோறும் கூடியது. தொடக்க அமர்வுகளில் மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளை உரக்கப் படித்தோம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், 1950 முதல் 1996இல் மறையும்வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை விடாமல் எழுதியவர். காட்டு யானைக்குத் தந்த அதே கவனத்தை வீட்டு முற்றத்துக் காகத்துக்கும் அவர் தந்ததே, எழுத விஷயம் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த நம்மில் பலரின் வாயை அடைத்தது.

ஜனவரி அமர்வை வேடந்தாங்கல் ஏரிக்கரையில் வைத்துக்கொண்டோம். ஆளுக்கொரு பறவையை அரை மணி நேரம் பார்த்த பிறகே பேனாவைத் தொட வேண்டும் என்பது விதி. பாதிப்பேர் அதை மீறினார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அன்றைய கட்டுரைகளுள் ஒன்று, நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கு போன்றது, பவள நிறத்தது என்று வருணித்திருந்தது. சத்திமுத்தப் புலவரின் அந்த உவமை செங்கால் நாரைக்கு நிறத்திலும் வடிவத்திலும் அப்படியே பொருந்துவது. ஆனால் ஏரியில் கூடு கட்டியிருந்தது மஞ்சள்மூக்கு நாரை. பெயரிலேயே நிறம் இருந்தும் அதைக் கவனியாமல், நான் கட்டுரையைப் பாராட்டிக் கையெழுத்து இதழின் முதல் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். பிப்ரவரி அமர்வில் நம் இளைய உறுப்பினர் ஒருவர் எழுந்து, “மூக்கு மஞ்சளாத்தானே இருந்துச்சு, ஐயா?” என்று கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். கட்டுரையாளரும் நானும் பள்ளியில் படித்த நாரையையே அன்றும் பார்த்திருக்கிறோம். இதழில் வந்த பிழைக்கு நானே பொறுப்பு.

அதே கட்டுரையாளர் மார்ச் மாதம் திருத்தி எழுதி வந்தார். அலகு நுனியில் சற்றே கீழ்நோக்கி வளைந்திருப்பதையும், பெரும்பாலும் குரலெழுப்பாத அப்பறவை கூட்டுக்குத் திரும்பும் இணையை அலகைத் தட்டி வரவேற்பதையும் அதில் எழுதியிருந்தார். உவமை வேண்டும் என்று தோன்றிய இடத்தில் தம் வீட்டுத் தறியின் சத்தத்தை வைத்திருந்தார். இந்த ஆண்டு நான் படித்தவற்றுள் இதுவே சிறந்த வரி.

நத்தைகுத்தி நாரை அலகை மூடியிருக்கும்போதும் நடுவில் இடைவெளி தெரிவதை மற்றோர் உறுப்பினர் வரைந்தே காட்டினார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதால் ஊரார் தலைமுறைகளாக அவற்றைக் காத்து வருவதை இன்னொருவர் எழுதினார். ‘அழகிய’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லாத ஒரே கட்டுரை அது என்பதால் தனியே குறிப்பிடுகிறேன். இராக்கொக்கு என்பதா, வக்கா என்பதா என்ற விவாதம் ஒரு மணி நேரம் நீண்டு, ஊரில் வழங்கும் பெயரையே முதலில் எழுதுவது என்று முடிவானது.

வரவுசெலவைப் பொருளாளர் தனியே வைப்பார். வட்டத்தில் இருப்பது ஒரே பைனாகுலர். அதற்கும் ஏரிக்கரையில் வரிசையில் நின்றோம். இன்னொன்று வாங்குவதற்கு ஒப்புதல் தந்து, இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்